"ஒண்ணும் பண்ணாது, பயப்படாதீங்க!" - ஒரு வாக்கியத்தின் சட்ட வரலாறு

நாய் வளர்ப்பவர்கள் எந்த நாட்டுக்காரர்களாக இருந்தாலும், எந்த மொழி பேசினாலும், தவறாமல் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. "ஒண்ணும் பண்ணாது, பயப்படாதீங்க!" சங்கிலி இல்லாத நாய் பூங்காவில் பாய்ந்து வரும். எதிரே வருபவர் உறைந்து போய் நிற்பார். நாய் அவர் வேட்டியையோ பேன்ட்டையோ முகர்ந்து பார்க்கும், சில சமயம் இரண்டு கால்களையும் தூக்கி நெஞ்சில் வைக்கும். உரிமையாளர் இருபதடி தள்ளி நிதானமாக நடந்து வந்தபடியே இந்த வாக்கியத்தைச் சொல்வார். கூடவே ஒரு புன்னகையும்!

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தவரை அந்த நாய் ஒன்றும் பண்ணாது தான். ஆனால் எதிரே நிற்பவருக்கு அது எப்படித் தெரியும்? அந்த நாயைப் பற்றி யாருடைய பேச்சு எடுபடும், வளர்ப்பவரின் நம்பிக்கையா, வழிப்போக்கரின் பயமா? சின்னக் கேள்வி போலத் தோன்றும் இதற்கு விடை காண இங்கிலாந்தின் நீதிமன்றங்களும் பாராளுமன்றமும் ஏறக்குறைய முந்நூறு வருடங்கள் எடுத்துக்கொண்டன. நாய்ப் பிரியர்களின் தேசம் என்று பெயரெடுத்த நாடு என்பதால் அங்கே இந்தச் சண்டை மிகவும் சுவாரசியமானது. நம் ஊர் சட்டத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பு உண்டு. அது கடைசியில்.

முதல் கடி இலவசம்

பதினேழாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் மேசன் எதிர் கீலிங் என்றொரு வழக்கு லண்டனில் நடந்தது. தெருவில் போனவரை ஒரு நாய் கடித்துவிட்டது. கடிபட்டவர் நாயின் சொந்தக்காரர் மீது வழக்குப் போட்டார். தோற்றுப் போனார். காரணம், நாய் கடிக்கும் சுபாவம் உள்ளது என்று சொந்தக்காரருக்கு முன்பே தெரியும் என அவர் தன் மனுவில் சொல்லவில்லை.

இங்கிலாந்து பொதுச் சட்டத்தின் பார்வை இது தான். புலி, கரடி, சிங்கம் போன்றவை இயற்கையிலேயே ஆபத்தானவை. அவற்றை வளர்ப்பவர் என்ன நடந்தாலும் பொறுப்பு. நாய், பூனை, மாடு, குதிரை போன்றவை இயற்கையிலேயே சாது. ஆகவே ஒரு நாய் கடித்தால் அது அந்த நாயின் தனிப்பட்ட கெட்ட குணம். அந்தக் குணம் சொந்தக்காரருக்குத் தெரிந்திருந்தால் மட்டுமே அவர் நஷ்டஈடு தர வேண்டும். இந்த 'தெரிந்திருத்தல்' என்பதை லத்தீனில் 'சயன்டர்' என்றார்கள். சாதாரண ஜனங்கள் இதை வேறு விதமாகச் சொன்னார்கள்: "ஒவ்வொரு நாய்க்கும் ஒரு கடி இலவசம்!"

வக்கீல்கள் இந்தப் பழமொழியை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். முன்பு கடித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, மனிதர்கள் மேல் சீறிப் பாய்ந்ததை உரிமையாளர் பார்த்திருந்தாலே போதும் என்பார்கள். சரி தான். ஆனால் அதை நிரூபிப்பது யார்? கடிபட்டவர்! முன்பின் தெரியாத ஒருவருடைய வீட்டு நாய் போன மாதம் யாரிடம் சீறியது என்று வழிப்போக்கர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அந்த வீட்டு வேலைக்காரர் வந்து சாட்சி சொல்லுவாரா? ஆக "ஒண்ணும் பண்ணாதுன்னு தான் நினைச்சேன்" என்பது மன்னிப்பு மட்டும் அல்ல, நீதிமன்றத்தில் ஜெயிக்கக்கூடிய வாதமாகவும் இருந்தது.

ஆட்டுக்கு ஒரு நீதி, ஆளுக்கு ஒரு நீதி

இந்த விதி முதலில் உடைந்தது மனிதர்களுக்காக அல்ல, ஆடுகளுக்காக என்பது தான் இந்த வரலாற்றிலேயே பெரிய வேடிக்கை.

ஸ்காட்லாந்தில் ஒரு வேட்டை நாய் செம்மறியாடுகளைக் கடித்துக் கொன்றது. அந்த வழக்கு, ஃப்ளீமிங் எதிர் ஓர், பிரபுக்கள் சபை வரை போய் 1855 இல் தீர்ப்பானது. அங்கேயும் பழைய விதி தான் நின்றது. நாயின் சுபாவமோ உரிமையாளரின் அஜாக்கிரதையோ நிரூபிக்கப்படாமல் அவர் மேல் பொறுப்பைச் சுமத்த முடியாது என்று ஆகிவிட்டது. ஆட்டு மந்தை வைத்திருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். நாய்க்காரரின் ஒரு 'இலவசக் கடி' மந்தைக்காரருக்குப் பல ஆடுகள்!

அன்றைய பாராளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் நிலச்சுவான்தார்கள். காரியம் வேகமாக நடந்தது. 1863 இல் ஸ்காட்லாந்துக்கு ஒரு சட்டம், 1865 இல் இங்கிலாந்துக்கு ஒரு சட்டம். அதன்படி ஆடு மாடுகளை நாய் கடித்தால் நாயின் முந்தைய குணம் பற்றி எதுவும் நிரூபிக்க வேண்டியதில்லை, நாயின் சொந்தக்காரர் பணத்தைக் கட்ட வேண்டும். அவ்வளவு தான்.

யோசித்துப் பாருங்கள். 1865 க்குப் பிறகு ஒரே நாய் ஒரே நாளில் ஒரு செம்மறியாட்டையும் ஒரு தபால்காரரையும் கடித்தால், ஆட்டுக்கு உடனே நஷ்டஈடு கிடைக்கும். தபால்காரர் சாட்சி தேடி அலைய வேண்டும்! இந்த வித்தியாசம் இன்றும் முழுசாகப் போய்விடவில்லை. 1971 இல் கொண்டுவந்த விலங்குகள் சட்டத்திலும் கால்நடைகளுக்கு எளிமையான ஒரு பிரிவு, மனிதர்களுக்குச் சிக்கலான இன்னொரு பிரிவு. அந்த இரண்டாவது பிரிவின் வாசகம் புரியவில்லை என்று நீதிபதிகளே பல தீர்ப்புகளில் அலுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மனிதர்களுக்குக் கிடைத்த முதல் ஆறுதல் 1871 ஆம் வருடத்து நாய்ச் சட்டம். ஒரு நாய் ஆபத்தானது, சரியான கட்டுப்பாட்டில் இல்லை என்று யாரேனும் புகார் செய்தால், அதைக் கட்டுப்பாட்டில் வைக்கும்படியோ கொன்றுவிடும்படியோ மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். இங்கே உரிமையாளரின் மனதில் என்ன இருந்தது என்ற ஆராய்ச்சி இல்லை. நாய் எப்படி நடந்துகொண்டது என்பது தான் கேள்வி. நூற்றைம்பது வருடம் தாண்டியும் அந்தச் சட்டம் அமலில் இருக்கிறது.

வாய்ப்பூட்டுச் சண்டை

இதற்கிடையில் வேறொரு பயம் லண்டன் தெருக்களில் உலவிக்கொண்டிருந்தது. ரேபிஸ். அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் கிட்டத்தட்ட நிச்சயமான மரணம், இன்றைக்கும் கூட. லூயி பாஸ்டர் பாரிஸில் ஒரு ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாகத் தடுப்பூசி போட்டது 1885 ஜூலையில் தான். அதற்கு முன்னால் கடிபட்டவர்கள் காயத்தைச் சுட்டுக்கொண்டு, கடவுளை வேண்டிக்கொண்டு, வாரக்கணக்கில் காத்திருப்பது தவிர வேறு வழியில்லை. எந்த நாயிடம் நோய் இருக்கிறது என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. நேற்று வரை குழந்தைகளோடு விளையாடிய செல்ல நாயாகவும் இருக்கலாம்.

அரசாங்கம் கண்ட வழி வாய்ப்பூட்டு. (போரடிக்கும் மாட்டுக்கு நம் ஊரில் கட்டுவார்களே, அந்த வாய்க்கூடு மாதிரி, ஆனால் தோலிலோ கம்பியிலோ செய்தது.) 1867 ஆம் வருடத்துச் சட்டமே லண்டன் போலீசுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருந்தது. 1885-86 இலும், பிறகு 1889 இலும் தெருவுக்கு வரும் நாய்க்கு வாய்ப்பூட்டு கட்டாயம் என்று உத்தரவு போட்டார்கள். நோய் குறையும். உத்தரவை விலக்குவார்கள். நோய் மறுபடி வரும்.

1890களின் பிற்பகுதியில் விவசாயத் துறைக்குத் தலைவராக இருந்த வால்டர் லாங் என்ற அரசியல்வாதி இதை ஒரு கை பார்த்துவிடுவது என்று இறங்கினார். நோய் இருந்த மாவட்டங்களில் எல்லாம் வாய்ப்பூட்டு. வெளிநாட்டிலிருந்து வரும் நாய்களுக்குக் கட்டுப்பாடு, தனிமை. நாய் வளர்ப்பவர்களின் எதிர்ப்பு பலமாக இருந்தது. வாய்ப்பூட்டு கொடுமை, அதைக் கட்டினால் நாய்க்கு வெறியே பிடித்துவிடும், ஏழையின் ஒரே தோழனைத் துன்புறுத்துகிறார்கள் என்றெல்லாம் பேசினார்கள். 1891 இல் ஆரம்பித்திருந்த தேசிய நாய்ப் பாதுகாப்புக் கழகமும் (இன்றைய 'டாக்ஸ் டிரஸ்ட்' அது தான்) எதிர்த்தவர்களின் பக்கம் நின்றது.

எதிர்ப்பில் ஒரு நியாயமும் இருந்தது. கனவான்கள் வேட்டைக்குக் கூட்டிப்போகும் நாய்களுக்கு விதிவிலக்கு உண்டு. மடியில் உட்காரும் குட்டி நாய்க்குக் கூட வாய்ப்பூட்டு, நாற்பது நாய் சேர்ந்து ஓடும் வேட்டைக் கூட்டத்துக்கு இல்லை! கிராமத்து நாய்க்கு வேறு சட்டமா, பண்ணையார் நாய்க்கு வேறு சட்டமா என்ற கேள்விக்கு லாங் தரப்பில் சரியான பதில் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் பலன் கிடைத்தது. 1902 இல் பிரிட்டனில் ரேபிஸ் ஒழிந்தது. முதல் உலகப் போர் முடியும் சமயத்தில், 1918 இல், போர்முனையிலிருந்து யாரோ ரகசியமாகக் கொண்டுவந்த நாயால் இங்கிலாந்தின் தென்மேற்கில் மறுபடி தலைகாட்டியது. மறுபடி வாய்ப்பூட்டு. 1922 இல் மறுபடி ஒழிந்தது.

இந்தச் சண்டையில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வாய்ப்பூட்டு உத்தரவு "உங்கள் நாய் நல்ல நாயா?" என்று யாரையும் கேட்கவில்லை. எல்லா நாய்க்கும் (வேட்டை நாய் தவிர!) ஒரே விதி. "என் நாயை எனக்குத் தெரியாதா?" என்ற வாதம் முதன்முறையாகத் தெருவில் செல்லாக் காசாகியது அப்போது தான்.

ஏழரை ஷில்லிங்

ரேபிஸ் போனதும் நாய்ச் சட்டங்கள் தூங்க ஆரம்பித்தன. நாய் லைசென்ஸ் கதை ஒன்றே போதும். 1878 இல் ஒரு நாய்க்கு வருடத்துக்கு ஏழரை ஷில்லிங் என்று கட்டணம் வைத்தார்கள். அன்றைக்கு ஒரு கூலிக்காரருக்கு அது பெரிய தொகை. அதன் பிறகு யாரும் அந்தத் தொகையைத் தொடவே இல்லை! இரண்டு உலகப் போர்கள் வந்து போயின, பழைய ஷில்லிங் கணக்கே 1971 இல் ஒழிந்து போனது, ஏழரை ஷில்லிங் 37 பென்ஸ் ஆனது. ஒரு சாக்லேட்டுக்குக் கொஞ்சம் மேலே. வசூல் செய்யும் செலவே வரும்படியை விட அதிகம் என்று 1987 இல் லைசென்ஸையே எடுத்துவிட்டார்கள். வட அயர்லாந்தில் மட்டும் அது தொடர்கிறது.

1991

இனி முக்கியமான கட்டம். 1991 மே மாதம் அடுத்தடுத்து பயங்கரமான நாய்க்கடிச் செய்திகள். பிராட்ஃபோர்டில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி பிட்புல் நாயால் குதறப்பட்டாள். பத்திரிகைகள் பொங்கின. உள்துறை அமைச்சர் கென்னத் பேக்கர் அவசர அவசரமாக ஆபத்தான நாய்கள் சட்டத்தைக் கொண்டுவந்தார். சில வாரங்களில் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அவசரச் சட்டங்களுக்கு உதாரணமாக இதைத் தான் அந்த ஊரில் இன்றும் சொல்வார்கள், பாராட்டாக அல்ல.

அந்தச் சட்டத்தின் முதல் பிரிவு எல்லோருக்கும் தெரியும். பிட்புல் டெரியர், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரேசிலைரோ என நான்கு வகைகளுக்குத் தடை. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் பதிவு செய்து, வெளியே வரும்போது வாய்ப்பூட்டும் சங்கிலியும் போட வேண்டும். இதில் பிரச்சினைகள் ஏராளம். எது பிட்புல், எது கலப்பு என்று அளவுநாடாவை வைத்துக்கொண்டு நீதிமன்றங்களில் சண்டை. டெம்ப்சி என்ற பிட்புல் நாய் 1992 இல் லண்டனில் பிடிபட்டது. யாரையும் கடிக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று தெருவில் வாய்ப்பூட்டைக் கழற்றியது தான் குற்றம். மரண தண்டனை! மேல்முறையீட்டுக்கு மேல் மேல்முறையீடாகப் போய் 1995 இல் தான் அது உயிரோடு வீடு திரும்பியது. 1997 இல் சட்டத்தைத் திருத்தி, கொல்வதா வேண்டாமா என்பதை நீதிபதியின் முடிவுக்கு விட்டார்கள்.

இத்தனை சத்தத்தில் மூன்றாவது பிரிவை யாரும் கவனிக்கவில்லை. உண்மையில் புரட்சி அங்கே தான் இருக்கிறது. அது இனம் எதையும் சொல்லவில்லை. லாப்ரடாரோ, பொமரேனியனோ, எந்த நாயாக இருந்தாலும், பொது இடத்தில் ஆபத்தான முறையில் கட்டுப்பாடின்றி இருந்தால் உரிமையாளர் குற்றவாளி. 'ஆபத்தான முறையில்' என்றால் என்ன? அந்த நாய் யாரையாவது காயப்படுத்திவிடும் என்று ஒருவர் அஞ்சுவதற்கு நியாயமான காரணம் இருந்தால் போதும். கடித்திருக்க வேண்டியதில்லை!

மேசன் எதிர் கீலிங் வழக்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அன்று கேட்டது, வளர்ப்பவருக்கு என்ன தெரியும் என்று. இப்போது கேட்பது, எதிரே நிற்பவருக்கு அஞ்சக் காரணம் இருந்ததா என்று. தராசு அப்படியே மறுபக்கம் சாய்ந்துவிட்டது. "எனக்குத் தெரியாதே, அது இப்படி நடந்ததே இல்லையே" என்பது இந்தக் குற்றத்துக்குத் தற்காப்பு ஆகாது என்று 1990களிலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் (பெசினா வழக்கு) தெளிவாக்கிவிட்டது. சாதாரணமாகத் துள்ளி விளையாடும் நாயைப் பார்த்து யாரோ மிரண்டாலே ஜெயில் என்று இதற்கு அர்த்தமில்லை. 'நியாயமான' என்ற சொல் அதற்காகத் தான் இருக்கிறது.

இந்தப் பிரிவு யாரை எல்லாம் பிடித்தது என்பதற்கு ஒரே ஒரு உதாரணம். 2002 ஏப்ரலில் வின்ட்சர் பூங்காவில் டாட்டி என்ற புல் டெரியர் இரண்டு குழந்தைகளைக் கடித்தது. அதைக் கூட்டிக்கொண்டு நடந்தவர் எலிசபெத் மகாராணியின் மகள் இளவரசி ஆன்! நவம்பரில் கோர்ட்டுக்கு வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டார். 500 பவுண்டு அபராதம், குழந்தைகளுக்கு நஷ்டஈடு, நாயைப் பொது இடத்தில் சங்கிலியில் தான் கூட்டிப்போக வேண்டும், பயிற்சியும் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. நாய் தப்பித்தது. அரச குடும்பத்து மூத்த உறுப்பினர் ஒருவர் இப்படிக் குற்றவாளி என்று தீர்ப்பு வாங்கியது நவீன காலத்தில் அது தான் முதல் முறை. வேட்டை நாய்களுக்கு விதிவிலக்குக் கொடுத்த காலத்திலிருந்து நூறு வருடங்களில் இவ்வளவு தூரம்.

ஒரு ஓட்டை மட்டும் பாக்கி இருந்தது. சட்டம் பொது இடங்களுக்கு மட்டுமே. வீட்டுத் தோட்டத்துக்குள் நாய் கடித்தால் பெரும்பாலும் வழக்கில்லை. கேட்டைத் திறந்து உள்ளே போயாக வேண்டியவர்கள் யார்? தபால்காரர்கள்! அவர்களுடைய தொழிற்சங்கம் வருடக்கணக்கில் போராடியது. 2014 இல் சட்டம் தனியார் இடங்களுக்கும் விரிந்தது. (வீட்டுக்குள் புகுந்த திருடனைக் கடித்தால் வேறு கணக்கு.) அதே வருடம் தண்டனையும் ஏறியது. நாயால் மரணம் நேர்ந்தால் பதினான்கு வருடம் வரை சிறை. எந்தப் பூங்காவில் சங்கிலி கட்டாயம், எந்த இடத்துக்கு நாயே வரக்கூடாது என்று உள்ளாட்சி மன்றங்கள் உத்தரவு போடவும், மீறினால் அங்கேயே 100 பவுண்டு வரை அபராதச் சீட்டு கொடுக்கவும் வழி பிறந்தது.

நாய் வளர்ப்பவர்கள் இதையும் எதிர்த்தார்கள். நாய்க்கு ஓடியாட இடம் வேண்டும், எப்போதும் சங்கிலியிலேயே இருக்கும் நாய்க்குத் தான் எரிச்சலும் மூர்க்கமும் அதிகம் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஓடியாடும் இடம், யாரோ ஒரு பாட்டி மூட்டுவலியோடு நடந்து போகும் பாதையாக இருக்க வேண்டியதில்லையே.

அரசியல்வாதிகளுக்கு என்னவோ இனப் பட்டியல் மேல் தான் மோகம். 2023 டிசம்பர் 31 முதல் எக்ஸ்.எல். புல்லி என்ற வகைக்கும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாய்ப்பூட்டும் சங்கிலியும் கட்டாயம். 2024 பிப்ரவரி 1 முதல் சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். ஐந்தாவது பெயர் பட்டியலில் ஏறியது. அடுத்தது எந்த இனமோ!

நம் ஊர் பிரிவு

இங்கிலாந்து நீதிமன்றங்கள் 'சயன்டர்' பற்றி வாதாடிக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே ஆங்கிலேயர்கள் இந்தியாவுக்கு எழுதிய சட்டம் வேறு மாதிரி இருந்தது. மெக்காலே தலைமையில் 1830களில் வரைவு எழுதப்பட்டு, 1860 இல் நிறைவேறி, 1862 இல் அமலுக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 289 ஆவது பிரிவு, தன் வசமுள்ள விலங்கால் மனிதருக்கு ஆபத்து நேராதபடி போதிய ஏற்பாடு செய்யாமல் இருப்பதையே குற்றமாக்கியது. தெரிந்தே விட்டாலும் குற்றம், அஜாக்கிரதையாக விட்டாலும் குற்றம். முதல் கடி இலவசம் என்ற பேச்சே இல்லை! எழுதிய நாட்டில் இல்லாத நல்ல சட்டம் ஆளப்பட்ட நாட்டில் இருந்தது. ஆனால் அதைப் பயன்படுத்தியவர்கள் குறைவு. தண்டனை ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 1860 இல் ஆயிரம் ரூபாய் என்பது ஒரு சொத்து.

2024 மார்ச்சில் மத்திய அரசு ராட்வீலர், பிட்புல் உட்பட 23 இனங்களுக்குத் தடை விதிக்கும்படி மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது, இங்கிலாந்தின் முதல் பிரிவு மாதிரியே. அடுத்த மாதமே கர்நாடக உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அவள் அந்தப் பூங்காக் காவலாளியின் மகள். நாய்களின் உரிமையாளரைப் போலீஸ் கைது செய்தபோது பயன்பட்ட பிரிவுகளில் ஒன்று அந்தப் பழைய 289. இரண்டே மாதத்தில், 2024 ஜூலை 1 அன்று, இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. 289 இப்போது 291. வாசகம் கிட்டத்தட்ட அதே தான், சிறைத் தண்டனையும் அதே ஆறு மாதம் தான். அபராதம் மட்டும் 5000 ரூபாய் ஆகியிருக்கிறது.